காத்திருப்பில் மூத்தவள்

ஈராக்கின் வடக்கே யசீதி மக்கள் இடம்பெயர்ந்து வாழும் முகாம் ஒன்றுக்கு எங்கள் சபையிலிருந்து ஒரு சிறு குழு போகப்போவதாகப் போதகர் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தேநீர் ஆறுவதற்கு முன்பே மண்டபத்தில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. எதைக் கொண்டுபோவது என்பதுதான் வாக்குவாதம். இலண்டனின் டூட்டிங்கில் ஆங்கில ஆலயமொன்றின் பின்மண்டபத்தில் பிற்பகலில் கூடுகிற சபை எங்களுடையது. அங்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஈழப்போர்க் காலத்தில் பள்ளிக்கூட விறாந்தையிலும் தறப்பாள் கூடாரத்தின் கீழும் படுத்தெழும்பியவர்கள். ஆகையால் அகதிக்கு எது தேவை என்பதில் அங்கே மாணவர் எவருமில்லை, எல்லோரும் ஆசிரியர்களே.

ஒருவர் பால்மா என்றார். இன்னொருவர் பேன் சீப்பு என்றார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த என் மச்சாள் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"கொடிக்கயிறும் கிளிப்பும் வாங்குங்கோ," என்றாள். "ஈரச் சீலையைக் கையிலை வைச்சுக்கொண்டு எங்கை போடுறதெண்டு தெரியாமல் நிண்டாத்தான் விளங்கும், எங்களுக்கு வீடில்லை எண்டு."

அதோடு வாக்குவாதம் முடிந்தது. கொடிக்கயிறு வாங்கப்பட்டது. போதகரிடம் தானும் வருவதாக அவள் சொன்னதும் அன்றுதான்.

அவள் என் மனைவியின் தங்கை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டில்தான் பல ஆண்டுகளாக இருக்கிறாள். பாடசாலை உணவுக்கூடம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு ஒரே மகன். போரின் கடைசி நாள்களில், இயக்கத்தோடு ஒரு நாள் தொடர்பிருந்தவர்கள்கூட வந்து பதிந்துகொள்ளலாம், விசாரித்து விட்டுவிடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் அதை நம்பினாள். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பொறுப்புக் கொடுத்தாள். அவனை ஏற்றிய பேருந்து முள்வேலியைத் தாண்டித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் எந்தச் செய்தியும் இல்லை.

எங்கள் முன்னறையில் அவனுடைய படம் இருக்கிறது. அதற்கு மாலை இல்லை. அதன் முன் விளக்கும் இல்லை. நம்மவர் வீட்டில் படத்துக்கு மாலை போட்டால் அதற்கு ஒரே பொருள்தான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. புதிதாக வருகிற எவரேனும் அந்தப் படத்தைப் பார்த்து வாயெடுத்தால் என் மனைவியின் ஒரு பார்வை அவர்களை அடக்கிவிடும். மச்சாள் மட்டும் இயல்பாகப் பேசுவாள். அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பாள். வந்தால் இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பாள்.

நானும் போனேன். ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கவும் சிறுவர்களுக்குப் பாடிக் காட்டவும் ஒருவர் வேண்டும் என்று போதகர் கேட்டார். என் மனைவி பெட்டி கட்டித் தந்தபடியே எச்சரித்தாள்.

"பாட்டுப் படிச்சுப் படிச்சு அந்தச் சனத்தை இன்னொருக்கா இடம்பெயரப் பண்ணிப்போடாதேங்கோ."

மச்சாள் சிரித்தாள். "அத்தான் பாடினா நான்தான் முதல் ஓடுவன், அக்கா. உங்களுக்கென்ன, காது மந்தம்."

பிரசங்கமும் துண்டுப்பிரசுரமும் கூடாது என்று முகாமை நடத்துகிறவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சபையின் மூப்பர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. போதகர் அவர்களுக்குச் சொன்ன மறுமொழியை நான் மறக்கவில்லை: "சாப்பாடு குடுக்கேக்கை கையை மட்டும் நீட்டுவம், ஐயா. வேதத்தை நீட்டவேண்டாம். பசிச்சவன் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவான்."

என்னைப் பற்றியும் ஓரிரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சைவப் பெரியவர் ஒருவரிடம் தமிழ் படித்தவன் நான். எங்கள் கீர்த்தனைகளும் அவர் வாயிலிருந்து வந்த பழைய பக்திப் பாக்களும் எனக்குள் வேறுவேறாக இருந்ததில்லை. இரண்டிலும் நான் மிக விரும்பியது ஒன்றையே: வருவேன் என்று சொன்ன தலைவன் வராதிருக்க, வாசலைப் பார்த்து உயிர் உருகுகிற அந்த நிலை. கண்ணீர் மல்க அதைப் பாடியிருக்கிறேன். அதை இனிமை என்றே நினைத்திருந்தேன்.

முகாம் ஒரு வெட்டவெளியில் இருந்தது. தகரப் பெட்டி போன்ற அறைகள் வரிசை வரிசையாக, இடையில் சரளைக்கல் தெருக்கள், கூரைகளில் தண்ணீர்த் தாங்கிகள். சில ஆண்டுகளுக்கென்று போட்ட குடியிருப்பில் குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் மூதாட்டிகள் வெள்ளை முக்காடிட்டு வாசலுக்கு வந்து, எழுகிற சூரியனை நோக்கிக் கைகளை விரித்து நிற்பார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று என் காலை ஜெபத்தைச் சொல்வேன். ஒரே வெளிச்சம்தான் எங்கள் எல்லோருடைய முகத்திலும் விழுந்தது.

எங்கள் குழு பெரிய காரியம் எதையும் செய்துவிடவில்லை. பெண்கள் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். நான் சிறுவர்களோடு கைதட்டிப் பாடினேன். மச்சாள் சமையற்கூடத்துக்குள் போய், ஒரு வார்த்தையும் தெரியாமலே, வெங்காயம் உரிக்கிற பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் நாளே அவர்கள் அவளைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். அவள் சோற்றில் உறைப்புப் போடுகிற அளவைப் பார்த்து ஒருத்தி நெஞ்சில் கைவைத்து விழுவதுபோல நடித்தாள். எங்களுக்கு மொழிபெயர்த்தவர் யசீதியர், ஐம்பது வயதிருக்கும், முன்பு பாடசாலை ஆசிரியர். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் சகோதரி எங்களை எரித்துவிடப் பார்க்கிறார் என்கிறார்கள்."

வீடு வீடாகப் பொதிகளைக் கொடுத்துவந்தபோதுதான் அந்தத் தாயின் அறைக்குப் போனோம். போதகரும், நானும், மச்சாளும், மொழிபெயர்ப்பாளரும். மெலிந்த, உயர்ந்த பெண். வயது மச்சாளைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். எங்களை மெத்தையில் இருத்தி, சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் ஊற்றினாள். அறை மிகத் துப்புரவாக இருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு பெண்பிள்ளையின் படம். பள்ளிச் சீருடையில், பல் தெரியச் சிரித்தபடி. படத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மலர்களால் கட்டிய மாலை. கீழே சிறு தட்டில் எண்ணெயில் தோய்த்த திரி.

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் தலை குனிந்தோம். எவரும் எவரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? போதகர் மெல்லக் கைகளைக் கோத்துக்கொண்டார். துக்க வீட்டில் நிற்கிற நிலை தானாகவே எங்கள் உடம்புக்கு வந்துவிட்டது.

மச்சாள் எழுந்துபோய் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இரு கைகளையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மச்சாளின் முகத்தில் அப்போதிருந்தது இரக்கம் மட்டுமல்ல. அது ஏக்கம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

"அத்தான், இதைச் சொல்லச் சொல்லுங்கோ," என்றாள். "நீங்கள் குடுத்துவைச்சனீங்கள், அம்மா. உங்கட பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியும். எங்கை கிடக்குதெண்டாவது தெரியும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். ஏதோ அதிகாரபூர்வமான செய்தியோடு வந்திருக்கிறோம் என்று எண்ணிவிட்டார் போலும். குரலைத் தாழ்த்தி அவர்கள் மொழியில் சொன்னார்.

அந்தத் தாயின் கைகள் மச்சாளின் மடியிலிருந்து மேலேறி அவள் தோள்களைப் பற்றின. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஆயினும் அவர் மொழிபெயர்த்தார்.

"எங்கே என்று கேட்கிறாள். என் மகள் எங்கே கிடக்கிறாள், உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கிறாள். எந்த ஊர், எந்தக் குழி என்று கேட்கிறாள்."

போதகர் சுவரைக் காட்டி, மாலையைக் காட்டி, எங்கள் வழக்கத்தைத் தட்டுத்தடுமாறி விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மலர்கள் அவளுடைய பிறந்தநாளுக்கு," என்றார். "ஒவ்வொரு பிறந்தநாளிலும் தாய் புதிதாக மாற்றுகிறாள். ஆயுதக்காரர்கள் ஊருக்குள் வந்தபோது பள்ளிப் பிள்ளைகளோடு இவளையும் கொண்டுபோனார்கள். சிலர் மீண்டு வந்தார்கள். இவள் இன்னும் வரவில்லை. செத்தாள் என்று எவரும் சொல்லவில்லை. இன்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காண்கிற பணிக்கும் வெளிநாட்டவர்கள்தாம் வருகிறார்கள். இலண்டனிலிருந்து வந்து, தேநீர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, படத்தின் முன் தலை குனிந்தவர்களை அவள் வேறு எவ்வாறு புரிந்துகொண்டிருப்பாள்?

தெரியாமல் நேர்ந்த பிழை என்று மொழிபெயர்ப்பாளர் அவளுக்கு மிகப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் முழுவதும் நம்பவில்லை. மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் கண்ணில் இருந்தது. அப்போதுதான் மச்சாள் தன் கைப்பையைத் திறந்து, கைத்தொலைபேசியில் மகனின் படத்தை எடுத்து அவளிடம் காட்டினாள்.

"எனக்கும் தெரியாது," என்றாள். "என்ர பிள்ளை எங்கை எண்டு எனக்கும் தெரியாது. அதாலைதான் பொறாமையிலை சொல்லிப்போட்டன். குறை நினைக்காதேங்கோ."

இந்த முறை நான் போதகரைப் பார்த்தேன். போதகர்தான் ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தத் தாய் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். விரலால் அவன் நெற்றியைத் தொட்டாள். அவள் உடம்பிலிருந்த இறுக்கம் தளர்ந்தது. இனி நம்புவாள், இருவரும் சேர்ந்து அழுவார்கள், பிறகு ஆறுதல் வரும் என்று நான் நினைத்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை ஆண்டு என்று கேட்கிறாள்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"பதினைஞ்சு வருசத்துக்கு மேலை," என்றாள் மச்சாள்.

அந்த எண் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து அவர்கள் மொழிக்கும் போய்ச் சேருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்ததும் அவள் நிமிர்ந்து மச்சாளைப் பார்த்தாள். நரைத்த தலை, வீங்கிய முழங்கால், நடுங்குகிற விரல்கள், எல்லாவற்றையும் மெல்ல, ஒவ்வொன்றாக. அந்தத் தாயின் காத்திருப்பு அதைவிட ஐந்து ஆண்டு இளையது. தன் பாதையில் முன்னே போனவள் ஒருத்தி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்பதைத்தான் அவள் பார்த்தாள். சேர்ந்த இடத்தில் ஒன்றுமில்லை. தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன எங்கள் தேநீரை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். விருந்தினருக்குச் செய்யவேண்டியதை ஒன்றும் குறைக்கவில்லை. ஆயினும் அவள் அதன்பிறகு சுவரில் இருந்த படத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

புறப்படும்போது வாசற்படியில் அவள் மச்சாளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். புதன்கிழமை அவர்களுக்குப் புனித நாள் என்றும், அதற்கு முந்திய மாலையில் மகளுக்காகத் திரி ஏற்றுவது தன் வழக்கம் என்றும், இனி மச்சாளின் மகனுக்கும் ஒன்று ஏற்றப்போவதாகவும் சொன்னாள். அவன் பெயரை மூன்று நான்கு முறை சொல்லிப் பழகினாள். அவள் வாயில் அந்தப் பெயர் வேறொரு ஓசையோடு வந்தது.

அன்று மாலை சிறுவர்கள் பாடச் சொல்லிச் சூழ்ந்தார்கள். வாசலைப் பார்த்து உருகுகிற பாட்டுகள்தாம் என் நாவில் வந்தன. ஒன்றையும் பாட முடியவில்லை. நான் இனிமை என்று நினைத்ததை அந்தத் தாய்மார் இருவரும் அந்தத் தகர அறையில் உட்கார்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள்; அதில் இனிமை எதுவும் இல்லை.

இலண்டன் திரும்பிய பின் மச்சாள் வெளிப்பார்வைக்கு மாறவில்லை. டூட்டிங் கடைகளில் மீனை முகர்ந்து பார்த்து விலை பேசினாள். அக்காவோடு தொலைக்காட்சிக்காகச் சண்டை பிடித்தாள். ஆனால் பாகற்காய்ப் பேச்சு நின்றுவிட்டது. புதன்கிழமைகளில் மட்டும் அவள் தொலைபேசியில் ஒரு குரல்செய்தி வரும். முதலில் அந்தத் தாயின் குரல், பிறகு மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம். ஒவ்வொரு முறையும் ஒரே விசாரிப்புத்தான்: திரி ஏற்றினேன், உன் மகன் பற்றி ஏதாவது செய்தி உண்டா?

குளிர் தொடங்கியிருந்த ஒரு பிற்பகலில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தான், என்ர பிள்ளைக்கு ஒரு கல்வெட்டு எழுதவேணும்."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில், அவர் வரலாற்றையும் இரங்கற் பாக்களையும் அச்சிட்டுக் கொடுக்கிற சிறு புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். இலண்டனுக்கு வந்தபின்னும் அந்த வழக்கம் போகவில்லை. சைவ வீடுகளுக்கும் கிறிஸ்தவ வீடுகளுக்கும் நான் அவற்றை எழுதிக் கொடுத்துவருகிறேன். எத்தனையோ பேர் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மரித்த நாள் எது என்பதுதான் அவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி. அவளிடம் அதைத் தள்ளிவைத்தேன்.

"ஏன் இப்ப, மச்சாள்?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் எப்பிடி இருக்கிறன் எண்டு ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை, அத்தான். எல்லாரும் பாவம் எண்டு பேசாமல் இருந்திட்டீங்கள். அந்த மனிசி என்னைப் பாத்த பார்வையிலை கண்டிட்டன். அவன் இல்லை எண்டு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. கனகாலமாத் தெரியும்."

என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுததை அன்றுதான் தங்கைக்கு முன் மறைக்காமல் விட்டாள்.

கல்வெட்டின் முதற் பாட்டு மரித்த நாளைச் சொல்லவேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்று அதை வெண்பாவில் அமைப்பது மரபு. அதன் மேல்தான் மற்றவை நிற்கும். நான் கையில் பேனாவை வைத்துக்கொண்டு இருப்பதைக் கண்டு அவளே சொன்னாள்.

"நான் கையைப் பிடிச்சுக் குடுத்த நாளைப் போடுங்கோ. எனக்குத் தெரிஞ்ச நாள் அதுதானே."

"அது ஏலாது, மச்சாள்."

"ஏன் ஏலாது?"

அந்த நாளை எழுதினால், அவனைக் கொன்றதில் அவள் கையும் இருந்ததாக ஆகிவிடும். ஒரு தாய் தன் பிள்ளையைப் பொறுப்புக் கொடுத்த நாளை அவன் மரித்த நாளாக என் பாட்டு அச்சிலேற்றக் கூடாது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும், கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நாளில்லாமல் எழுதுங்கோ," என்றாள்.

அப்படியே எழுதினேன். இத்தனை காலத்தில் நான் எழுதியவற்றுள் நாள் சொல்லாத கல்வெட்டு அது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் நினைவு ஆராதனை நடந்தது. நகரின் மறுகோடியான பிளேஸ்டோவிலிருந்தும் உறவினர் வந்தார்கள். வந்தவர்கள் முகத்தில் துயரத்தோடு ஓர் ஆறுதலும் இருந்தது. இத்தனை ஆண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் அவளைச் சுற்றி நடந்தவர்களுக்கு இப்போது பேசச் சொற்கள் கிடைத்துவிட்டன. இனியாவது மனம் ஆறட்டும் என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் ஓம் என்று சொல்லி ரோல்ஸ் பலகாரமும் தேநீரும் கொடுத்தாள். அந்த ஆத்துமாவின் இளைப்பாறுதலுக்காகப் போதகர் ஜெபித்தபோது அவள் வாய் ஆமென் சொன்னதை நான் பார்த்தேன்.

அடுத்து வந்த புதன்கிழமை நாங்கள் மூவரும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அதே குரல், அதே விசாரிப்பு. நடந்ததைச் சொல்லிவிடுவாள் என்றே நான் எண்ணினேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் பேசினாள். இன்னும் வரவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் மகள் எப்படி, ஏதாவது செய்தி உண்டா?

பேசியதை அனுப்புவதற்கு முன் தானே ஒருமுறை போட்டுக் கேட்டாள். முகம் சுளித்து அதை அழித்தாள்.

"இது சரிவரேல்லை," என்றாள். "அழுகிற மாதிரிக் கேக்குது."

என் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "உனக்கென்னத்துக்கடி இந்தச் சோதினை? உள்ளதைச் சொல்லிவிடன்."

"அவ என்னைப் பாத்துக்கொண்டெல்லோ நடக்கிறா, அக்கா. நான் களைச்சு வழியிலை இருந்திட்டன் எண்டு தெரிஞ்சா அவவும் இருந்திடுவா." பிறகு என் பக்கம் திரும்பி, "போதகரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, அத்தான். பொய் சொல்லுறன் எண்டு சனிக்கிழமை ஜெபத்தைத் திருப்பி வாங்கிப்போடுவார்," என்றாள்.

அவள் எழுந்து யன்னலருகே போனாள். தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்தாள். பொத்தானை அழுத்திக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறுகிறபோது பேசியிருக்கக்கூடிய ஒரு குரலில், இன்னும் வரவில்லை என்று மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.